சமாதான மையமும் ஒரு சமையற்கட்டும்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பவானிபூர் முழுக்கத் தண்ணீர். பஸ் பிடித்து சால்ட் லேக் போய்ச் சேர்ந்தபோது சேலைக் கரை முழுக்கச் சேறு. சென்டரில் எப்போதும் போல் ஏசி. ஈரத்தோடு உட்கார்ந்து நாள் பூராவும் தும்மல்.

செய்ய வேண்டியவை: குடை ரிப்பேர். கேஸ் புக் பண்ண. யாழினியின் கெமிஸ்ட்ரி ட்யூஷன் பற்றிப் பேச. மாநாட்டு அழைப்பிதழ், மறுபடியும் திருத்தம்.

மாநாடு ஆகஸ்ட் கடைசியில். மதங்களுக்கிடையே உரையாடல், அன்றாட சமாதானம். எங்கள் மையமே அதற்குத்தான் இருக்கிறது, பெயர்ப்பலகை அப்படித்தான் சொல்கிறது. இயக்குநர் மொஜும்தார் (இனி மொ.) இன்று கூட்டத்தில்: "பேப்பர் நிறைய வந்திருக்கு. முகம் இல்ல. எனக்கு ஒரு முகம் வேணும். ரெண்டு மதம், ஒரே ஃபிரேம்."

எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். நான்தான் வாயைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு ஒரு ஹோம் டெலிவரியிலிருந்து வருகிறது. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த நாளிலிருந்து அதே கேரியர்தான். காளிகாட்டுக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரச் சந்தில் சமையற்கட்டு. இரண்டு பெண்கள். ஷெஃபாலி, ஹசீனா. ஒரு நர்சிங் ஹோம் கேன்டீனில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அதை மூடியதும் ஷெஃபாலி வீட்டுத் திண்டாட்டமும் ஹசீனா வீட்டுத் திண்டாட்டமும் ஒன்றாகி, ஒரே அடுப்பு. பருப்பு, பொரியல், காய் ஷெஃபாலி. மீனும் கறியும் ஹசீனா. பணம் கொடுக்கப் போய்ப் போய் எனக்கும் பழக்கம்; அவர்களுக்கு நான் சுதாதி, சுதா அக்கா.

இதைச் சொன்னேன். மொ. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பசியோடு இருப்பவன் முன்னால் இலை போட்ட மாதிரி.

"சுதா, இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

பெருமையாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

படப்பிடிப்பு. மழை இல்லை, புழுக்கம். சந்துக்குள் கார் போகாது. மொ. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வீடியோ எடுக்கும் பெண் தியா, ஹசீனாவிடம்: "ஆபா, தலையில துணி போட்டுக்குங்க."

"அடுப்புக்கிட்ட போட மாட்டேன். பத்திக்கும்."

"ரெண்டு நிமிஷம்தான்."

போட்டுக்கொண்டாள். அடுத்து ஷெஃபாலி. வகிட்டில் குங்குமம் வேண்டும், கையில் சங்கு வளையல் வேண்டும்.

ஷெஃபாலி சிரித்தாள். "எம் புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சும்மா."

தியா மொ.வைப் பார்த்தாள். மொ. சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு மருந்துக் கடைக் காலண்டர் மட்டும். "காளி படம் ஒண்ணு கிடைக்குமா?" பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கி, ஆணி அடித்து மாட்டினார்கள். அடுப்புக்கு நேர் மேலே. இரண்டு பேரும் ஒரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே கரண்டியை இரண்டு பேர் பிடித்து எந்த வீட்டில் சமைக்கிறார்கள், தெரியவில்லை.

தியா கேட்ட கேள்வி: உங்களுக்குள் சண்டையே வந்ததில்லையா?

ஷெஃபாலி: "வராம? டெய்லி வரும். அவ உப்பை அள்ளிப் போடுவா."

மொ. "கட்" என்றார். உப்பு வேண்டாமாம். ஒரு வரி அவரே சொல்லிக் கொடுத்தார்: "கடவுள் ஒண்ணுதான், அடுப்பும் ஒண்ணுதான்." ஹசீனா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசித் தடவை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல்.

பிறகு மொ. சாப்பிடுவது போல ஒரு காட்சி. ஹசீனா தட்டில் ருய் மீன் துண்டு வைத்தாள், நடுத்துண்டாகப் பார்த்து. ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, "ஆஹா" என்றார். கேமரா நின்றதும் பக்கமாகத் திரும்பி டிஷ்யூ பேப்பரில் துப்பினார். மடித்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் என் கையில் கொடுத்தார்.

ஹசீனா பார்த்துவிட்டாள். குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

அந்த ஈரக் காகிதம் கைக்குள். சந்து முனைவரை குப்பைத் தொட்டி இல்லை.

ஜூலை 23, புதன்

வீடியோ வெளியாகி ஒரு வாரம். எங்கு பார்த்தாலும் அதுதான். சென்டரில் ரசகுல்லா. டில்லியிலிருந்து போன், வெளிநாட்டிலிருந்து மெயில். மொ. தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் பேசுகிறார்.

சாயங்காலம் யாழினி சோபாவில் படுத்துக்கொண்டு கீழே இருந்த கருத்துகளை வாசித்துச் சொன்னாள். எனக்கு வங்காளம் பேச வரும், படிக்க நேரம் பிடிக்கும்.

"'மனசு நிறைஞ்சுது.' 'கண்ணுல தண்ணி.' அம்மா, இது உங்க சாரே வேற பேர்ல போட்ட மாதிரி இருக்கு."

"மேல படி."

"'இத்தனை வருஷமா யாரு சமைக்கிறான்னு சொல்லாமலே சாப்பிட வெச்சிருக்காங்க.' 'அட்ரஸ் என்ன? நம்ம ஆபீஸுக்கும் இங்கேருந்துதான் வருதா?' 'அந்தப் பொம்பளை காளி படத்துக்குக் கீழ நின்னு கறி சமைக்குது, அது ஹலாலா?'" நிறுத்தினாள். உதட்டைக் கடித்தாள். "அடுத்தது வேண்டாம்மா."

"என்ன அது?"

"தமிழ்ல சொல்ல வராது எனக்கு." போனை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே: "ஆபீஸ்ல ரெண்டு பேரு கேரியர நிறுத்திட்டானுவ. ஒருத்தன் சொல்லுதான், எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல அம்மா இருக்காங்கன்னு."

"ஆபீஸ்ல சாப்பிடறதுக்கு அம்மா எதுக்கு?"

"அதத்தான் கேக்கேன். அவன் அம்மா ராஞ்சில இருக்கா."

ஆகஸ்ட் 2, சனி

கால்வாய் நாற்றம், மழை விட்டு வெயில். மாதப் பணம் கொடுக்கிற சாக்கில் போனேன்.

சமையற்கட்டு வாசலில் காலி கேரியர்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவை அங்கே இருக்கக் கூடாது. சைக்கிளில் போயிருக்க வேண்டும்.

ஷெஃபாலி: "போன் பண்ணிக் கேக்கறாங்க சுதாதி. பருப்பு யார் கை, மீன் யார் கை. ஒருத்தர் சொல்றாரு, நீங்க மட்டும் சமைச்சா அனுப்புங்கன்னு. எட்டு வருஷமா இவ கை மீனைத் தின்னுட்டு, பூஜைக்கு இவளுக்குன்னு தனியா சேலை குடுத்தனுப்பின மனுஷன்."

ஹசீனா டீ போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே: "எங்க வீட்டுல வேற. கொழுந்தன் வந்து நிக்கறான். சாமி படத்துக்குக் கீழ நின்னு என்ன ஓதினேன்னு கேக்கறான். அது பக்கத்து வீட்டுப் படம், அன்னிக்கே திருப்பிக் குடுத்தாச்சுன்னா நம்ப மாட்டேங்கறான். வீடியோல இருக்கே, என்னத்தச் சொல்ல."

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

என்னென்னவோ சொன்னேன். நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று. நல்லவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள் என்று. டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஹசீனா எதிரில் உட்கார்ந்தாள்.

"வேற ஒண்ணும் வேண்டாம் சுதாதி. அதை எடுத்துடச் சொல்லுங்க. இதுவரைக்கும் எங்களை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. நாங்களும் எங்களைக் கேட்டுக்கிட்டதில்ல."

திங்கட்கிழமையே பேசுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று மொ. ஊரில் இல்லை. இன்று பிடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேரியர், கொழுந்தன், போன்கள். கேட்கக் கேட்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"சுதா, இது எவ்வளவு பெரிய டேட்டா தெரியுமா?"

"சார், அந்த வீடியோவ எடுத்துட்டா—"

"எடுத்தா வெறுப்புக்குத் தோத்த மாதிரி. யோசிச்சுப் பாரு. முதல்ல இணக்கம். அப்புறம் நெருக்கடி. அப்புறம் நம்ம தலையீடு, மீட்சி. மாநாட்டுக்கு வெறும் முகம்தான் இருந்தது, இப்ப கதையே கிடைச்சிருச்சு."

பேசிக்கொண்டே கார் சாவியால் காது குடைந்தார். சாவி நுனியைப் பார்த்தார். கால்சட்டையில் துடைத்தார்.

"அவங்க பிழைப்பு சார்."

"அதுக்குத்தானே நாம இருக்கோம்." தெருவில் ஓர் உரையாடல் வட்டம் நடத்தப்போகிறாராம். பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் வருகிறார். ஷெஃபாலி, ஹசீனா, அக்கம்பக்கத்தார், எல்லோரையும் நான் அழைத்து வர வேண்டும். என்னைத்தானே அவர்களுக்குத் தெரியும்.

வெளியே வந்து வாய் கொப்பளித்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி, போகவே இல்லை.

வீட்டுக்குத் துவரம் பருப்பு, தேங்காய் எண்ணெய், சோப்பு. தேங்காய் எண்ணெய் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

சந்து முனை கிளப் அறை. கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வட்டமாக நாற்காலி. முப்பது நாற்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் சமோசாவுக்கு, மீதிப் பேர் என் முகத்துக்கு. ஷெஃபாலியும் ஹசீனாவும் சேர்ந்துதான் வந்தார்கள். ஹசீனா ஷெஃபாலியின் குடையில்.

பயிற்சியாளர் நல்ல சிரிப்புக்காரர். வாசலில் எல்லோருக்கும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வட்டக் காகிதம். இந்துக்களுக்கு மஞ்சள், முஸ்லிம்களுக்கு நீலம். "நிறங்கள் கலக்கறதை நம்ம கண்ணால பார்க்கப்போறோம்." ஒரு பெரியவர் தன் நீல வட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் மஞ்சளோடு இருந்த கேரம் கூட்டாளியைப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் என்ன தோன்றியதோ, பெரியவர் எழுந்து நீலங்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தார். ஒருவர் போனதும் மற்றவர்கள். யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் வட்டம் இரண்டு பாதி.

ஷெஃபாலியும் ஹசீனாவும் மட்டும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். தியா அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பயிற்சி. "மற்ற சமூகத்தைப் பத்தி உங்க மனசுல இருக்கற பயத்தைத் துண்டுக் காகிதத்துல எழுதுங்க. பேர் வேண்டாம். மனசுல இருக்கறது வெளிய வந்தாத்தான் ஆறும்."

ஒரு அம்மாள் என்னிடம்: "பயம் ஒண்ணும் இல்லையே. என்ன எழுத?"

பயிற்சியாளர் காதில் விழுந்தது. "ஏதாவது இருக்கும். யோசிங்க."

யோசித்தார்கள். பெட்டியில் போட்டார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசித்தார். முதலில் பண்டிகை மைக் சத்தம், வாசலில் தண்ணீர் கொட்டுவது. நான் மூச்சு விட்டேன். பிறகு ஒன்று. "குழம்பில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்." அதே சிரித்த குரலில் வாசித்தார். அடுத்தது: "வேண்டுமென்றே மதத்தை மறைத்துச் சாப்பிட வைத்தார்கள். அதற்குப் பணமும் வாங்கினார்கள்."

யார் எழுதியது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்கள். எழுதியவர் அந்த அறையில்தான் இருந்தார். நேற்றுவரை ஹசீனாவிடம் கிண்ணத்தில் குழம்பு வாங்கிப்போனவராக இருக்கலாம்.

ஹசீனா எழுந்தாள். சேலையில் இருந்த வட்டத்தை உரித்து நாற்காலியில் வைத்தாள். ஷெஃபாலி கையைப் பிடித்தாள். "உக்காரு ஹசீனா."

"நீ இரு தீதி. உனக்கு இங்க ஒண்ணும் ஆகாது."

போய்விட்டாள். மழையில், குடை இல்லாமல்.

அப்புறம்தான் சத்தம். நீலப் பக்கத்தில் ஒருவர் எழுந்து பெட்டியைத் தட்டிவிட்டார். மஞ்சளில் ஒருவர், "உண்மை சுடுதோ?" நான் நடுவில் நின்று என்ன கத்தினேன், நினைவில்லை. மொ. எழுந்து இரண்டு பக்கமும் கும்பிட்டார். கார் வரை நானும் போனேன். ஏறுமுன் ஈரத் துணி பாக்கெட் எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"பயங்கரமா ஒர்க் ஆயிருக்கு. அடியில இருந்தது மேல வந்திருச்சு பாரு."

அடியில் ஒன்றும் இல்லை சார் என்றேன். நாம் கொண்டுவந்து போட்டோம் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டார். கேட்டதா, தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்

ஷெஃபாலி போன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஹசீனா வரவில்லை. போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் கொழுந்தன் வாசலிலேயே நிற்கிறானாம். ஷெஃபாலியின் மகள் புகுந்த வீட்டிலும் பேச்சு: உன் அம்மா தனியாகச் செய்தால் செய்யட்டும், இல்லையென்றால் இங்கே வர வேண்டாம்.

"நான் என்ன பண்ணட்டும் சுதாதி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதே வேளையில் இங்கே மாநாட்டுச் சாப்பாட்டுக் கூட்டம். முழுச் சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. பெரிய கேட்டரிங். ஒருநாள் சாப்பாட்டையாவது அந்தச் சமையற்கட்டுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

மொ.: "எல்லா மதத் தலைவர்களும் வர்றாங்க. ரிஸ்க் எடுக்க முடியாது சுதா."

மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழும், மேலும் கீழும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாநாடு. பைபாஸ் பக்கம் ஒரு ஹோட்டல். குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்பதில் மதத் தலைவர்களுக்குள் மேடைக்குப் பின்னால் உரசல். கடைசியில் ஒரே மெழுகுவர்த்தியை ஐந்து கை பிடித்தது. மெழுகு சொட்டி ஒரு சாமியார் "ஸ்ஸ்" என்றது மைக்கில் கேட்டது.

என் அமர்வு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கட்டுரை: ஒரு சமையலறை, இரு மதங்கள். கடைசி ஸ்லைடை மொ. அனுப்பியிருந்தார். அதில் ஒரு படம்: கிளப் அறையில் ஷெஃபாலியும் ஹசீனாவும் அருகருகே. மேலே பெரிதாக "மீட்சி".

அந்தப் படம் எடுத்து கால் மணி நேரத்தில் ஹசீனா வெளியே போய்விட்டாள்.

வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துவிட்டுப் பேசினேன். "இந்தச் சமையலறை இப்போது இல்லை. அவர்கள் நன்றாக இருந்தார்கள். நாங்கள் போய் அவர்கள் யார் யார் என்று ஊருக்குச் சொன்னோம். வேலை போயிற்று, தெருவும் பாழாயிற்று. அதைச் சரி செய்கிறோம் என்று மறுபடி போய் மிச்சத்தையும் கெடுத்தோம். இதில் மீட்சி எதுவும் இல்லை." இவ்வளவுதான். ஆங்கிலத்தில். உட்கார்ந்துவிட்டேன்.

வேலை போகும் என்று நினைத்தேன். யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

கைதட்டினார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து நின்று. அமர்வுத் தலைவி, வெளிநாட்டு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட சுயவிமர்சனம் இந்தத் துறைக்கு எவ்வளவு அவசியம் என்றார். விரிவாக எழுதி அனுப்பு, எங்கள் இதழில் போடுகிறோம் என்று கார்டு கொடுத்தார். மொ. மேடையேறி என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் சந்தன அத்தர்.

"நான் சொல்லியிருந்தா இப்படி எடுபட்டிருக்காது" என்றார் காதருகில்.

கழிவறைக்குப் போனேன். வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு முழுவதும் வெளியே வந்தது. முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குழாயில் ஒரு பெண்: "உங்க பேச்சு உலுக்கிருச்சு." நன்றி சொன்னேன். பழக்க தோஷம், நன்றி என்று வந்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லேசான காய்ச்சல். ஃபிரிட்ஜ் முழுவதும் கழுவினேன். தலை இரண்டு தடவை தேய்த்துக் குளித்தும் அந்த அத்தர் வாசனை.

இவர்: "பேசாம வேலைய விட்டுரு. எதுக்கு இந்தப் பாடு?"

"யாழினிக்கு அடுத்த வருஷம் காலேஜ்."

"பாத்துக்கலாம்."

"அங்க நான் இல்லேன்னா வேற ஒருத்தி இருப்பா. அவளுக்கு அந்தச் சந்துல யாரையும் தெரியாது. இன்னும் தைரியமாச் செய்வா."

"அப்ப இரு. ஆனா மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு இருக்காத. பிள்ளை பயப்படுதா." ரசம் வைத்துக் கொடுத்தார். புளி அதிகம். குடித்தேன்.

ராஜினாமா கடிதம் எழுதவில்லை. வேறொருத்தி வருவாள் என்று நான் சொன்ன காரணம் பாதி உண்மை. சம்பளம் மீதி.

செப்டம்பர் 6, சனி

வெயில். தெருக்களில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்குகிறார்கள்.

ஷெஃபாலியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினேன். சமையற்கட்டுக்குப் புதுப் பலகை: "ஷெஃபாலி ஹோம் டெலிவரி." கீழே சின்னதாக, "தூய இந்து சமையல்." மருமகன் வீட்டார் எழுதிக் கொடுத்ததாம், பிறகு சொன்னாள். கதவு உள்ளே தாழ். தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஷெஃபாலி அரைக் கதவு திறந்தாள். என்னைப் பார்த்ததும் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே ஹசீனா. அரிவாள்மனையில் மீன் நறுக்கிக்கொண்டு.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஷெஃபாலி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பின்பக்கம் கால்வாய் வழியா வருவா. கேரியர் எடுக்க ஆள் வர்றதுக்குள்ள போயிருவா. போன வாரத்துலேருந்து."

ஹசீனா தலை தூக்கவில்லை. "வீட்டுல நர்சிங் ஹோம்ல ஆயா வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"ஆர்டர்?"

"பாதி திரும்பி வந்திருச்சு" என்றாள் ஷெஃபாலி. "போன் பண்ணிச் சொல்றாங்க, இப்பத்தான் மீன் நல்லாருக்கு, சுத்தமாருக்குன்னு." குரலில் சிரிப்பு இல்லை. பாத்திரத்தை டப்பென்று வைத்தாள். "நான் ஆமாங்கறேன். என்ன சொல்ல? முன்ன வாசல்ல உக்காந்து ரெண்டு பேரும் டீ குடிப்போம். இப்ப ஜன்னலைக்கூடத் திறக்கறதில்ல. இந்தச் சூட்டுல."

உண்மைதான். அறை அனலாக இருந்தது. ஹசீனாவின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். வார்த்தைகளை பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். தப்பு என்மேல்தான் என்று மட்டும் சொன்னேன்.

ஹசீனா செதிலை ஒதுக்கிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "நீங்க கெட்டவங்க இல்ல சுதாதி. கெட்டவங்கன்னா அன்னிக்கே கதவைச் சாத்தியிருப்போம். நல்லவங்கன்னுதான் உள்ள விட்டோம். இனிமே வராதீங்க. பணத்தைக் கேரியர்காரன்கிட்ட குடுத்தனுப்புங்க."

சரி என்றேன்.

ஷெஃபாலி வாசல்வரை வந்தாள். பலகைக்குக் கீழே நின்றுகொண்டு மெதுவாக: "இதை எங்கயும் எழுதிடாதீங்க. எங்களுக்கு நல்லது பண்ணறதா நினைச்சுக்கூட."

வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நோட்டு வீட்டை விட்டுப் போகாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை மறுபடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மொ. என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டு அம்மா உற்சாகமாக எழுதியிருக்கிறாராம். புதுத் திட்டம், மூன்று வருஷம். உடைந்த இணக்கம், அதற்குப் பிந்தைய வாழ்க்கை. தேநீரில் பிஸ்கட்டை முக்கி, விழுந்ததை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்த ரெண்டு பேரும் இப்ப எப்படி? பேசிக்கறாங்களா?"

"இல்ல சார். முகத்துலகூட முழிக்கறதில்ல."

"ஒரு ஃபாலோ-அப் இன்டர்வியூ?"

"ஹசீனா வேலைக்குப் போயிட்டா சார். எங்கன்னு தெரியல. ஷெஃபாலி பேச மாட்டேங்கறா. அங்க இனிமே ஒண்ணும் கிடைக்காது."

பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். நிஜமாகவே வருத்தம் போலத்தான் இருந்தது.

"அப்ப வேற தெரு பார்க்கணும். இன்னும் கெடாத ஒண்ணு. ஊரெல்லாம் சுத்தறவ நீ, உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஜதுபாபு பஜாரில் ஒரே கடையில் தைக்கிற இரண்டு பேர் ஞாபகம் வந்தது. எங்கள் பில்டிங் லிஃப்ட்மேனும் வாட்ச்மேனும். பஸ் ஸ்டாப் பழக்கடை.

தெரியாது சார் என்றேன். எனக்கு அப்படி யாரையும் தெரியாது.